லேப்டாப் பேட்டரி: எங்கே இருக்கிறது? எப்படிப் பாதுகாப்பாகக் கழற்றுவது?

புதிதாக லேப்டாப் கம்ப்யூட்டர் வாங்குவோரில் பலர், அதன் பேட்டரி எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சார்ஜ் ஏறுகிறதா, அது போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கீ போர்டின் மீது ஒரு டம்ளர் காபி கொட்டிவிட்டாலோ, டச்பேட் திடீரென மேலே புடைத்துக் கொண்டு நின்றாலோ, அந்த நேரத்தில் பேட்டரியைத் தேடத் தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும். எனவே உங்கள் லேப்டாப்பின் பேட்டரி எந்த வகை, அதனை நீங்களே கழற்றலாமா, கழற்றலாம் என்றால் எந்த வரிசையில் வேலை செய்திட வேண்டும் என்பதை இங்கு பார்க்கலாம்.

டெஸ்க்டாப் வேறு, லேப்டாப் வேறு

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டால் உள்ளே மின்சாரம் வருவது நின்றுவிடும். பயோஸ் அமைப்புகளையும் நேரத்தையும் காக்கும் சிறிய நாணய வடிவ பேட்டரி மட்டும் மதர்போர்டில் இருக்கும். லேப்டாப் அப்படி அல்ல. சார்ஜரைக் கழற்றிய பின்னரும், ஷட் டவுன் செய்த பின்னரும், பேட்டரி மதர்போர்டுடன் இணைந்தே இருக்கிறது. இந்த நிலையில் மூடியைத் திறந்து ராம் மெமரியை மாற்றினாலும், உள்ளே ஈரத்தைத் துடைத்தாலும், ஒரு சிறிய உலோக உரசலில் மதர்போர்ட் பாழாகிவிடலாம். எனவே லேப்டாப்பிற்குள் எந்த வேலை செய்வதாக இருந்தாலும், முதலில் சார்ஜரையும் அடுத்து பேட்டரியையும் பிரித்திட வேண்டும். இந்த வரிசையை எப்போதும் மாற்றக் கூடாது.

பேட்டரியை எப்போது கழற்ற வேண்டும்?

எந்த நேரமும் சார்ஜரில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றி வைத்தால் ஆயுள் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அதற்காகக் கழற்றத் தேவையில்லை. பேட்டரி நிரம்பியவுடன் சார்ஜ் ஏற்றுவதை லேப்டாப்பே நிறுத்திக் கொள்கிறது. மேலும், பேட்டரி இல்லாமல் பயன்படுத்தும்போது மின்சாரம் தடைபட்டால், சேவ் செய்யாத பைல் அத்தனையும் போய்விடும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், நிறுவனம் தரும் புரோகிராமில் சார்ஜ் ஏறும் அளவை 80 சதவீதம் போன்ற ஓர் அளவோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, அதனை இயக்கி வைத்தால் போதும்.

கீழ்க்காணும் நேரங்களில்தான் பேட்டரியைக் கழற்றும் வேலை வரும்.

1. பேட்டரி பழுதாகி, புதியது மாற்றும்போது.
2. ராம், எஸ்.எஸ்.டி. போன்றவற்றை மாற்றும்போது.
3. தண்ணீர், காபி போன்றவை கொட்டிவிடும்போது.
4. பேட்டரி வீங்கிவிடும்போது.

இவற்றில் நான்காவது மற்ற மூன்றிலிருந்தும் வேறுபட்டது. அதனைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரை நீக்கி, மேஜை மீது மெல்லிய துணி ஒன்றை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து வைக்கவும். அடிப்பாகத்தை நிதானமாகப் பார்க்கவும்.

வெளியில் பொருத்தும் வகை: திரை மடங்கும் கீல் பக்கத்தில் நீளமான ஒரு பட்டை தனியாகத் தெரியும். அதனைச் சுற்றி ஒரு கோடு போன்ற இடைவெளி இருக்கும். அருகில் நகர்த்தக் கூடிய ஒன்று அல்லது இரண்டு தாழ்ப்பாள்கள் இருக்கும். சிலவற்றில் திறந்த பூட்டு, மூடிய பூட்டு படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2006ல் வெளிவந்த ஆப்பிள் மேக்புக்கில் தாழ்ப்பாளுக்குப் பதிலாக, நாணயத்தை வைத்துத் திருப்பும் பூட்டு இருந்தது.

உள்ளே பொருத்தும் வகை: தாழ்ப்பாள் எதுவும் இருக்காது. அடி மூடி ஒரே தகடாக இருக்கும். சுற்றிலும் ஸ்க்ரூக்கள் மட்டுமே தெரியும். இன்று கடைகளில் கிடைக்கும் புதிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆப்பிள் நிறுவனம் 2009ல் மேக்புக் புரோ மாடல்களில் பேட்டரியை உள்ளே வைத்தது. 2012ல் வந்த ரெட்டினா மாடலில் அதனைப் பசை போட்டு ஒட்டியே விட்டது. லேப்டாப் மெலிய மெலிய, மற்ற நிறுவனங்களும் பேட்டரியை உள்ளே கொண்டு போயின.

இரண்டும் உள்ள வகை: இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். திங்க்பேட் டி450, டி470, டி480 போன்ற மாடல்களில், வெளியில் ஒரு பேட்டரியும் உள்ளே ஒரு பேட்டரியும் இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய லேப்டாப் வாங்குபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். வெளி பேட்டரியைக் கழற்றியவுடன் மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி மூடியைத் திறக்கக் கூடாது. உள் பேட்டரி அப்போதும் வேலை செய்து கொண்டிருக்கும்.

சந்தேகம் இருந்தால், லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, நிறுவனத்தின் இணைய தளத்தில் அதற்கான சர்வீஸ் கையேட்டைத் தேடவும். டெல், எச்.பி., லெனோவா ஆகிய நிறுவனங்கள் இவற்றை இலவசமாகவே தருகின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பது வரை படத்துடன் தரப்பட்டிருக்கும்.

கழற்றும் முன் செய்ய வேண்டியவை

லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் அது ஆப் ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது தூங்கும் நிலைக்கு, அதாவது ஸ்லீப் நிலைக்குத்தான் செல்கிறது. அப்போது ராம் மெமரிக்கு மின்சாரம் சென்று கொண்டே இருக்கும். எனவே பைல்களை சேவ் செய்து, முறையாக ஷட் டவுன் செய்திடவும். விண்டோஸ் 8 தொகுப்பில் 2012ல் வந்த பாஸ்ட் ஸ்டார்ட் அப் வசதி இயங்கும் கம்ப்யூட்டர்களில், ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ஷட் டவுன் கிளிக் செய்தால் அது முழுமையாக மூடப்படும்.

அடுத்து சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எனச் சொருகியுள்ள அனைத்தையும் எடுத்துவிடவும். லேப்டாப் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருக்கவும். கையில் உள்ள மோதிரம், உலோகச் சங்கிலி, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். லேப்டாப் வாரண்டியில் இருந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் வாரண்டி விதிகளைப் படித்துவிடவும்.

வெளி பேட்டரியைக் கழற்றும் முறை

இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தால், ஒன்று நகர்த்திய இடத்திலேயே நின்றுவிடும். மற்றொன்று ஸ்பிரிங் உள்ளது, விட்டவுடன் பழைய இடத்திற்குத் திரும்பிவிடும். முதலில் நிற்கும் தாழ்ப்பாளைத் திறந்த பூட்டுப் படத்தின் பக்கம் நகர்த்தவும். பின்னர் ஸ்பிரிங் தாழ்ப்பாளை ஒரு விரலால் பிடித்துக் கொண்டே, மறு கையால் பேட்டரியை வெளிப்பக்கமாக நகர்த்தவும், அல்லது மேலே தூக்கவும். எளிதாக வர வேண்டும். வரவில்லை என்றால் தாழ்ப்பாள் முழுமையாகத் திறக்கவில்லை என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பக் கூடாது.

பேட்டரியை எடுத்த பின்னர், பவர் பட்டனை 15 விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இதனால் வெளியேறிவிடும்.

உள் பேட்டரியைக் கழற்றும் முறை

1. திங்க்பேட் போன்ற சில லேப்டாப்களில், பயோஸ் பகுதியில் உள் பேட்டரியைத் துண்டித்து வைக்கும் வசதி உள்ளது. கம்ப்யூட்டரை இயக்கியவுடன் எப்1 கீயை அழுத்தி, கான்பிக், அடுத்து பவர் என்ற பிரிவுகளுக்குச் சென்றால், டிஸேபிள் பில்ட் இன் பேட்டரி என்று இருக்கும். சார்ஜரை நீக்கிவிட்டு இதனைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் தானாகவே ஆப் ஆகிவிடும். மீண்டும் சார்ஜரைச் சொருகும் வரை அந்த பேட்டரி உறங்கும்.

2. சரியான அளவுள்ள ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்தவும். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்திற்கு இடம் மாறும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டால் குழப்பம் வராது. சிலவற்றில் ரப்பர் கால்களின் அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

3. மூடி சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடைவெளியில் விட்டு மெதுவாக நகர்த்தினால் ஒவ்வொன்றாக விடுபடும். உலோகக் கருவிகள் வேண்டாம்.

4. உள்ளே, கைகளை வைக்கும் பக்கத்தில், பெரும் இடத்தை அடைத்துக் கொண்டு கறுப்பு நிறத்தில் தட்டையாக இருப்பதே பேட்டரி. அதன் மீது வோல்ட், வாட் ஹவர் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும்.

5. வேறு எதையும் தொடும் முன், பேட்டரியை மதர்போர்டுடன் இணைக்கும் கனெக்டரைப் பிரிக்கவும். வயர்களைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரைப் பிடித்து நகர்த்தவும். சிலவற்றில் அதன் மேல் சிறிய பூட்டு இருக்கும்; அதனை முதலில் விடுவிக்கவும்.

6. ராம் மட்டும் மாற்றுவதாக இருந்தால் இத்துடன் போதும். பேட்டரியையே மாற்றுவதாக இருந்தால், அதனைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை நீக்கித் தூக்கவும். பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சர்வீஸ் சென்டரின் வேலை.

தண்ணீர் கொட்டிவிட்டால்

இங்கு மட்டும் முறையான ஷட் டவுனுக்குக் காத்திருக்க வேண்டாம். சார்ஜரைச் சுவரில் உள்ள சுவிட்சில் ஆப் செய்து நீக்கவும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை ஆப் செய்திடவும். வெளி பேட்டரி என்றால் உடனே கழற்றவும். லேப்டாப்பைக் கூடாரம் போலக் கவிழ்த்து வைத்து நீரை வடியவிடவும். உள்ளே காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக இயக்கிப் பார்க்க வேண்டாம். உள் பேட்டரி என்றால் அப்படியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்வது நல்லது.

வீங்கிய பேட்டரி: நெம்பாதீர்கள், குத்தாதீர்கள்

லித்தியம் அயன் பேட்டரியை 1991ல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதனுள் இரு மின்முனைகளுக்கு இடையே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் தடுப்பாக இருக்கிறது. சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். வயதாலும் வெப்பத்தாலும் இந்தத் திரவம் சிதையும்போது வாயு உண்டாகிறது. தட்டையான பேட்டரிகள் வீங்குவது இதனால்தான். அந்தப் படலம் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஏற்பட்டு, வெப்பம் மேலும் வெப்பத்தை உண்டாக்கி, தீப்பிடித்துவிடும். 2006 ஆகஸ்ட் மாதத்தில், செல்களினுள் உலோகத் துகள்கள் கலந்திருந்ததால், சோனி தயாரித்த செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் பேட்டரிகளை டெல் நிறுவனமும், சுமார் 18 லட்சம் பேட்டரிகளை ஆப்பிள் நிறுவனமும் திரும்பப் பெற்றன. கண்ணுக்குத் தெரியாத துகளே இவ்வளவு செய்யும் என்றால், ஸ்க்ரூ டிரைவர் முனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

டச்பேட் மேலெழும்புவது அல்லது கிளிக் ஆகாமல் இறுகுவது, மூடி சரியாக மூடாமல் போவது, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, அடி மூடியில் புதிதாக இடைவெளி தெரிவது ஆகியவை வீக்கத்தின் அறிகுறிகள். பல மாதங்கள் பீரோவில் கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்தாலும், பழையது ஒன்றை விலை பேசினாலும், சார்ஜரைச் சொருகும் முன் இவற்றைப் பார்த்துவிடவும்.

வீக்கம் தெரிந்தால் உடனே சார்ஜரை நீக்கி, ஆப் செய்திடவும். மீண்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெளி பேட்டரி தானாக நழுவி வந்தால் மட்டும் எடுக்கவும். இறுகியிருந்தால் விட்டுவிடவும். உள் பேட்டரி என்றால் நீங்களே திறக்க வேண்டாம். வாயு போகட்டும் என்று ஊசியால் குத்துவது, அழுத்தி மூடியைச் சாத்துவது ஆகியவை ஆபத்தை நாமே வரவழைப்பதாகும். படுக்கை, திரைச்சீலை, காகிதக் கட்டு இவற்றிலிருந்து விலக்கி, வெறும் தரையில், வெயில் படாத இடத்தில் வைத்து, விரைவில் சர்வீஸ் சென்டரில் சேர்க்கவும். புகையோ சீறும் சத்தமோ வந்தால் அருகில் செல்லாமல், வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றி 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்திடவும்.

புதியது வாங்கும்போதும் பழையதை அகற்றும்போதும்

புதிய பேட்டரியை, பழையதன் மீதுள்ள பார்ட் எண்ணைச் சரி பார்த்து வாங்கவும். வோல்ட் அளவையும் கவனிக்கவும். ஒரு செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். மூன்று செல்கள் வரிசையாக இணைந்தால் 10.8 அல்லது 11.1 வோல்ட், நான்கு இணைந்தால் 14.4 அல்லது 14.8 வோல்ட். முதல் வகை இருந்த இடத்தில் இரண்டாம் வகையைப் பொருத்தக் கூடாது.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினாலும் அது தீப்பிடிக்கும். இந்தியாவில் 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ, மின் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடவும்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, ஒரு முறை கவிழ்த்துப் பார்த்து, அது எந்த வகை என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் காட்டிவிடுங்கள். காபி கொட்டும் அன்று, லேப்டாப்பின் அருகில் இருப்பது அவர்களாகக் கூட இருக்கலாம்.