சரளைக்கல்லும் செயற்கைப் புல்தரையும்

மும்பை மாநகரில் மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளிலுள்ள குடியிருப்புக் கட்டடங்களின் பின்புறத்தில், மதிற்சுவர்களுக்கு இடையே சிறிது காலியிடம் எஞ்சியிருப்பதுண்டு. தாராவியிலோ அதுவும் அரிது. பள்ளி முற்றமே அங்குள்ள சிறுவர்களுக்கு மைதானம். இத்தகைய இடத்தை ஆடுகளமாக்க விரும்புவோர், சரளையைக் கொட்டி நிரவினால் போதுமா, செயற்கைப் புல் விரிக்க வேண்டுமா என்று கேட்கின்றனர். சரளை மலிவானது, மழை நீரையும் தேக்காது. ஆகவே பலரும் அதையே முதலில் நாடுகின்றனர். ஆயினும் ஆராய்ந்து பார்த்தால், சரளை இருக்க வேண்டிய இடம் காலின் கீழன்று, புல்லின் கீழ் என்பது விளங்கும்.

ஓடுகின்ற ஒருவன் சட்டென்று திரும்பும்போது, அவனுடைய பாதம் தரையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தரை அசையாதிருந்தால் உராய்வு அவனைத் தாங்கும். உருண்டையான கூழாங்கல்லாயின் அது காலின் கீழ் உருண்டு கணுக்காலைப் பிசகச் செய்யும். மும்பைப் பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது தக்காண எரிமலைப் பாறையை உடைத்த கருங்கல் ஜல்லி. இதன் கோணல் முனைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் என்பது மெய்யே. ஆனால் மேலே கனமும் கட்டுப்பாடும் இருந்தாலன்றி அப்பிணைப்பு நிலைக்காது. மேற்பரப்பிலுள்ள கற்கள் தளர்ந்தே கிடக்கும். விழுந்த சிறுவனின் முழங்காலைக் கிழிக்கும். பந்தும் ஒவ்வொரு கல்லின் சாய்வுக்கேற்பத் தாறுமாறாகத் துள்ளும்.

செயற்கைப் புல் என்பது பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் இழைகளைத் துளையிட்ட விரிப்பொன்றில் தைத்து, இடையே மணல் நிரப்பியதாகும். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கூரையிட்ட அரங்கில், ஒளி குன்றியதால் இயற்கைப் புல் பட்டுப்போகவே, அதனிடத்தில் இது விரிக்கப்பட்டுப் புகழ் பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின், 1976-இல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட்டம் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு உலகக் கோப்பையை வென்றிருந்த இந்திய அணி அங்கே ஏழாம் இடத்தையே பெற்றது. தரை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் தரை மாறினால் பந்தின் வேகமும் ஆட்டத்தின் போக்கும் மாறும் என்பதை நம்மவர் அன்று அனுபவத்தில் கண்டனர்.

இனி மழையைக் கவனிப்போம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள வாலிபால் களத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு மணி நேரத்தில் 8,100 லிட்டர் நீர் சேரும். நகரின் வடிகால்களோ கடலை நோக்கியவை. கடல் ஏற்றத்தின்போது நீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். அன்றைய பெருவெள்ளத்திலும் ஏற்றமும் மழையும் ஒருங்கே நேர்ந்தன.

இங்கேதான் ஜல்லி தன் தகுதியைக் காட்டுகிறது. ஒரே அளவான ஜல்லிக் குவியலில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடமே. இதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். பத்து லிட்டர் வாளியில் விளிம்பு வரை ஜல்லியை நிரப்பி, அளந்து நீர் ஊற்றுக. சுமார் நான்கு லிட்டர் உள்ளே மறைந்துவிடும். இக்கணக்கின்படி, மேற்கூறிய களத்தின் அடியில் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி இட்டால் 9,700 லிட்டர் நீர் அதில் தங்கும். அதாவது கடல் வடியும் வரை, ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட மழையை அக்களமே தாங்கி நிற்கும்.

ஆதலால் மண்ணை அகழ்ந்து, அடித்தரைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு சரிவு கொடுத்து (9 மீட்டர் அகலத்துக்கு 9 சென்டிமீட்டர்), வடிதுணி விரித்து, அதன்மேல் பெரிய ஜல்லியும், பின்னர் சிறிய ஜல்லியும், மேலே மெல்லிய கற்பொடியும் இட்டு இறுக்கி உருட்ட வேண்டும். கற்பொடியை மிகுதியாகக் கொட்டினால் வெற்றிடம் அடைபட்டு உழைப்பு முழுவதும் வீணாகும். கீழ்ப்புறத்தில் துளைக்குழாய் ஒன்று அவசியம். சிமெண்டுத் தளத்தின்மீது புல்லை ஒட்டிவிட்டு, மழையில் களம் குளமாயிற்று என்று வருந்துவோர் பலர். தாராவியின் பெரும்பகுதி மாகிம் கழிமுகத்தையொட்டிய சதுப்பைத் தூர்த்த நிலம். அங்கே முதலில் முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, நிலத்தடி நீர் ஊறுகிறதா என்று ஊழியர்கள் பார்ப்பது நலம். ஊறுமாயின் ஜல்லிப் படுகை எப்போதும் நிறைந்தே கிடக்கும்; அவ்விடத்தில் தரையைச் சற்று உயர்த்தியே அமைக்க வேண்டும்.

நிரப்புவதற்கு ரப்பர்த் துகளை விட மணலே ஏற்றது. ரப்பர் பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டுச் சாக்கடை வழியே கடலைச் சேரும். இக்காரணம் பற்றியே ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அத்தகைய துகள்களுக்குத் தடை விதித்து, மாற்றிக்கொள்ள எட்டாண்டு அவகாசம் அளித்தது.

செயற்கைப் புல்லின் பெருங்குறை வெப்பம். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் செலவாகும். பிளாஸ்டிக் இழைக்கு அவ்வசதி இல்லை. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுவது அளந்தறியப்பட்டது. நீர் தெளித்தால் தணியும். ஆனால் விரைவில் மீண்டும் ஏறும். மர நிழலும் நல்ல மண்ணும் உள்ள முற்றத்தைப் பெயர்த்துப் பிளாஸ்டிக் விரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கபடி ஆட்டம் வளர்ந்ததே மண்ணில்தான்.

செருப்பின்றி ஆடும் சிறுவர்கள் உள்ள பள்ளியில், ஆட்டத்துக்கு முன் ஆசிரியர் தம் உள்ளங்கையை ஐந்து விநாடி தரையில் பதித்துப் பார்க்கட்டும். கையை எடுக்கத் தோன்றினால், மாலை ஐந்து மணி வரை களத்தை மூடி வைக்க வேண்டும்.