உடனடி மரணமும் ஊர்க்கட்டுப்பாடும்

தோழர்களே, ‘மிரட்டினார்கள், அதனால்தான் செய்தேன்’ என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னால் சட்டம் அதை ஏற்குமா? ஏற்கும், ஆனால் மிகக் குறுகிய வாசல் வழியாக.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு அந்த வாசல். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு. ‘செய்யாவிட்டால் இப்போதே என் உயிர் போகும்’ என்ற நியாயமான அச்சம், செயலைச் செய்த நேரத்தில் இருந்திருக்க வேண்டும். கொலைக்கும், மரண தண்டனைக்குரிய அரசுக்கெதிரான குற்றத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கொள்ளையர் பிடித்துவந்து, உடனே கொல்வதாக மிரட்டிக் கதவை உடைக்க வைத்த கொல்லருக்குப் பாதுகாப்பு உண்டு. அடிப்பார்கள் என்று பயந்து, அவர்கள் யாரெனத் தெரிந்தே கூட்டத்தில் சேர்ந்தவருக்கு இல்லை. ‘உன் பிள்ளையைக் கொல்வோம்’ என்ற மிரட்டலும் போதாது. உயிர் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

நம் மக்கள் சந்திக்கும் மிரட்டல் பெரும்பாலும் வேறு வகை. வேலை கிடையாது, கடையில் பொருள் கிடையாது, தண்ணீர் கிடையாது. கிராமத்தைவிட்டு முகப்பேர், அம்பத்தூர் பக்கம் வந்து குடியேறிய நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பாய் அரசு 1928இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். சமூகப் புறக்கணிப்பு எவ்வளவு கொடிய ஆயுதம் என்பதை அக்குழுவின் 1930ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. அது மெல்லக் கொல்லும்; 94ஆம் பிரிவு கேட்டதோ உடனடி மரணம்.

2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகள் இருவருக்குச் சூடு போட்டு, ஒருவர் வாயில் மற்றவர் மலத்தை ஊட்டும்படி செய்தார்கள். கை அவர்களுடையது, குற்றம் யாருடையது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது: உண்ணத் தகாததை உண்ணும்படி கட்டாயப்படுத்துகிறவரே குற்றவாளி. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதை மட்டுமல்ல, செய்வதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது.

ஆக, ஒரு சட்டம் மிரட்டப்பட்டவரின் உயிரச்சத்தை அளக்கிறது. மற்றொன்று மிரட்டியவரைத் தேடிப் போகிறது. முதலாவதில் மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். அதனால் மிரட்டல் நடந்த அன்றே எழுத்தில் புகார் கொடுப்போம், நகலைக் கையில் வைப்போம். நாளை நம்மவர் ஒருவர் கூண்டில் நிற்க நேர்ந்தால், அந்தத் தாள் அவருக்காகப் பேசும்.