பிறர் நாவில் நம் ஊர்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பரப்பில் நுரைச்சோலை என்றொரு கிராமம் உண்டு. தோட்டஞ் செய்வோரும் கடற்றொழில் செய்வோரும் வாழும் இவ்வூரின் பெயரில் கடலின் நுரையும் கரையின் சோலையும் ஒருங்கே கேட்கின்றன. 2006ஆம் ஆண்டு இங்கே நிலக்கரி மின்நிலையம் கட்டத் தொடங்கும்வரை, இப்பெயர் புத்தளத்துக்கு அப்பால் அதிகம் ஒலித்ததில்லை. 2011இல் முதல் இயந்திரம் இயங்கிற்று. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயின. அதன்பின் மின்சாரம் தடைப்படும்போதெல்லாம் அமைச்சர்களும் அதிகாரிகளும் இவ்வூரின் பெயரைச் சொல்லலாயினர்.

ஆனால் எந்தப் பெயரை? சிங்களத்தில் அது ‘நொரொச்சோல’ ஆயிற்று. ஆங்கில எழுத்திலும் அவ்வொலியே ஏறிற்று. பிறமொழியாளர் தம் நாவுக்கேற்பச் சொல்வதில் குற்றங் காண நாம் விரும்பவில்லை. நம்மை உறுத்துவது வேறு. தமிழ்ச் செய்திகளிலேயே ‘நொரோச்சோலை’ என்று வந்துவிடுகிறது! நுரை போய்விட்டது, எஞ்சிய ‘நொரோ’வுக்குப் பொருள் கேட்கும் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் விடை சொல்வார்?

பெரியோர் நாவு பிறழும்போது உலகம் சிரிப்பது வழக்கந்தான். 2017 செப்ரெம்பரில் நியூயோர்க்கில் ஆபிரிக்கத் தலைவர்களுக்கு விருந்தளித்த அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், நமீபியாவை ‘நம்பியா’ என்றார், அதுவும் இருமுறை. அந்நாட்டின் தலைவரும் விருந்தினராய் இருந்த அவை அது. இல்லாத நாடொன்றைக் கண்டுபிடித்தார் என்று பலரும் பரிகசித்தனர்.

சரியாகச் சொன்னாலும் தப்ப முடியாது போலும். பராக் ஒபாமா, தம் நாட்டார் பலரைப்போல் ‘பேக்கிஸ்டேன்’ என்னாது, அந்நாட்டார் சொல்லும் வண்ணமே ‘பாக்கிஸ்தான்’ என்றார். பாகிஸ்தானியருக்கு அது காதுக்கு இனிய ஒலி. அமெரிக்க விமர்சகர் சிலருக்கோ அது பாசாங்காகப் பட்டது. ஒரே சொல்லை இரு சாராரும் இருவிதமாகக் கேட்டனர். நம் கருத்தில், அயலார் பெயரைச் சொல்லச் சற்று முயன்றவரைக் கேலி செய்வது நற்பண்பன்று.

நம் கரைக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1344இல் இங்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இபுனு பதூதா தாம் இறங்கிய பட்டினத்தை ‘பத்தாலா’ என்று குறித்தார். அது புத்தளமே என்பர் ஆய்வாளர். அரபியில் பகரத்தின் வல்லொலி இல்லை. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியதோடு, ஊரின் பெயரையும் ‘கல்பென்ரைன்’ ஆக்கினர். ஆங்கிலேயரும் அதையே நெடுங்காலம் வழங்கினர். அவ்வூரிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்தார் என்பது நம் மாவட்டத்தார் பெருமைகொள்ளத்தக்க செய்தி. இன்று கல்பென்ரைனைப் பழைய ஏடுகளில்தான் தேட வேண்டும், கற்பிட்டி நிலைத்துவிட்டது.

நாமும் சளைத்தவர்களல்லர். கனடாவின் பெருநகரை நம்மவர் ‘ரொறன்ரோ’ என்றெழுத, அக்கரைத் தமிழர் ‘டொராண்டோ’ என்கின்றனர். நாம் ‘அவுஸ்திரேலியா’ என்றால் அவர்கள் ‘ஆஸ்திரேலியா’ என்கின்றனர். கொழும்பு வானொலியையும் தூத்துக்குடி வானொலியையும் மாறிமாறிக் கேட்ட உடப்பு, முந்தல் வாசிகளுக்கு இது பழகிய வேடிக்கை. நம் ‘ற்ற’ ஆங்கிலேயரின் ஒலிக்கு நெருங்கியது என்பதால் எழுந்த முறை நம்முடையது. எனினும் ‘ரொறன்ரோ’வை எழுத்தெழுத்தாக வாசித்தால் அந்நகரத்தார் திகைப்பர்!

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 1926இலேயே உச்சரிப்புக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. நாடகாசிரியர் பேர்னாட் ஷாவும் பின்னர் அதன் தலைவராயிருந்தார். இன்றும் அங்குள்ள உச்சரிப்புப் பிரிவினர், ஐயம் எழுந்தால் அந்தந்த மொழி பேசுவோரிடம் விசாரித்தே அறிவிப்பாளருக்குச் சொல்கின்றனர். நுரைச்சோலைக்கு அத்தனை பெரிய ஏற்பாடு எதற்கு? தமிழ்ச் செய்தி எழுதுபவர், கையிலுள்ள ஆங்கிலத் தாளை ஒருகணம் ஒதுக்கிவைத்துப் பாலாவிச் சந்தியில் யாரேனும் ஒருவரைத் தொலைபேசியில் கேட்கலாமே.