மூவண்ணப் பூனையும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.யும்

உங்களுக்குத் தெரியுமா?

கண்டிச் சந்தையிலோ கட்டுகஸ்தோட்டை வீதியோரத்திலோ செம்மஞ்சள், கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த பூனையைக் கண்டால், அது அநேகமாகப் பெண் பூனைதான்!

● பெண் பூனையின் கலங்களில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உண்டு. கருவிலேயே, கலத்துக்குக் கலம், அவற்றில் ஏதோ ஒன்று அடக்கப்படுகிறது. மூவண்ணப் பூனையில் செம்மஞ்சள் நிற மரபணு ஓர் எக்ஸில் மட்டும் இருப்பதால், அது அடங்கிய இடத்தில் கறுப்பு முடியும், அடங்காத இடத்தில் செம்மஞ்சள் முடியும் முளைக்கின்றன. வெள்ளை நிறம் வேறொரு மரபணுவின் வேலை.

● அடக்குவது 'எக்ஸிஸ்ட்' என்னும் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. மனிதரில் 1991இல் கண்டறியப்பட்ட இது ஏறத்தாழ 17,000 எழுத்து நீளமானது. புரதம் எதையும் உருவாக்காமல், தான் பிறந்த நிறமூர்த்தத்தையே போர்வைபோல மூடிவிடும்.

● எக்ஸிஸ்டுக்கு நோயிலும் பங்கிருக்கலாம். நோயெதிர்ப்புத் தொகுதி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கு ஆளானோரில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள். 2024இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய்க்கு இலகுவில் ஆளாகும் ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை இயக்கி நோயைத் தூண்டினார்கள். அவை பெண் எலிகளின் அளவுக்குப் பாதிக்கப்பட்டன. எக்ஸிஸ்டுடன் ஒட்டும் புரதங்களை உடல் எதிரியாகக் கருதுவதே இதற்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். நோயை முன்கூட்டியே அறியும் இரத்தப் பரிசோதனைக்கு இது வழிகாட்டலாம்.