ஏரிக்கு மருந்து மலையில்

சண்டிகரின் சுக்னா ஏரியை வண்டலிலிருந்து காப்பாற்றும் வழியைக் காட்டியது ஒரு குட்டி கிராமம். அந்தப் பாடம் மறந்துபோகலாமா?

சண்டிகரின் பெருமைகளில் ஒன்று சுக்னா ஏரி. சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் மழைக்கால ஓடையை மறித்து 1958இல் உருவாக்கப்பட்டது. படகு சவாரிக்கும் காலை நடைக்கும் மக்கள் வந்தார்கள். கூடவே வண்டலும் வந்தது. எழுபதுகளின் மத்தியில் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் மண் அடைத்துக்கொண்டது. பணத்தைக் கொட்டித் தூர் வாரினார்கள். வாரிய பள்ளத்தை அடுத்த மழை நிரப்பியது.

இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? சிவாலிக், இமயமலையின் மிக இளைய வரிசை. உயரத்தில் இருந்த பாறைகள் வெயிலிலும் பனியிலும் நீரிலும் சிதைந்து, ஆறுகள் அவற்றை அடிவாரத்தில் கொட்டி, அந்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் அரைகுறையாக இறுகி மேலெழுந்த குன்றுகள் இவை. பாறை சிதைவது இயற்கை. சிதைந்த துகள் அங்கேயே தங்கி இலைச்சருகோடு மக்கினால் வளமான மண். தங்கவிடாமல் வெள்ளம் வாரிச் சென்றால் மண் அரிப்பு. மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும். அது போய்ச் சேர ஒரு பெருமழை போதும்.

பசுமைப் போர்வை இருந்தவரை குன்றுகள் தாக்குப்பிடித்தன. மரம் வெட்டியும் ஆடு மாடுகளை மேய்த்தும் அதை உரித்த பிறகு, 'சோ' என்று இந்த வட்டாரத்தில் அழைக்கப்படும் காட்டாறுகள் வயல்களை மணல் மேடாக்கின. ஆங்கிலேய அரசு 1900இலேயே பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு விதிக்க வழி செய்தது. ஆனால் சட்டப் புத்தகத்தை ஆடுகள் படிப்பதில்லை.

மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் சண்டிகர் மையத்தில் இருந்த பி.ஆர். மிஸ்ரா, வண்டலின் தடம் பிடித்து மேலே போனார். ஹரியானாவின் சுகோமாஜ்ரி கிராமத்தை ஒட்டிய மொட்டைக் குன்றுகளிலிருந்து மண் சரிந்துகொண்டிருந்தது. கிராமத்தாரின் நியாயம் எளிமையானது. மானாவாரி வயல் எந்த நேரமும் கைவிடும், ஆடு கைவிடாது.

ஓடையின் அரிப்பைத் தடுக்க 1976இல் ஒரு சிறிய மண் அணை கட்டப்பட்டது. தேங்கிய மழைநீரைக் கோதுமைக்குப் பாய்ச்சினால் விளைச்சல் கூடும் என்பது தெரிந்ததும் கிராமத்தின் கணக்கு மாறியது. குன்றில் மேய்ச்சல் தொடர்ந்தால் அணை தூர்ந்துபோகும். அப்புறம் தண்ணீர் ஏது?

ஆனால் நிலம் இல்லாதவருக்குத் தண்ணீரால் என்ன லாபம்? அவர் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? திருப்புமுனை இங்குதான். நிலம் உண்டோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு என்று முடிவானது. நிலமற்றவர் தன் பங்கை விற்கலாம். முள்வேலியோ காவலாளோ இல்லாமல் குன்று தப்பியது. வனத்துறை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டுவந்த பாபர் புல்லைக் கிராமச் சங்கமே குத்தகைக்கு எடுத்தது. காகித ஆலைக்கும் கயிறு திரிக்கவும் உதவும் புல் அது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின, பால் வருமானம் உயர்ந்தது. சங்கத்தின் வருமானத்தைப் பார்த்து வருமான வரித் துறையே கதவைத் தட்டியது! இந்தப் பக்கத்திலிருந்து ஏரிக்கு வந்த வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

வெற்றி நிரந்தரமாக இருக்கவில்லை. புல் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று வனத்துறையோடு இழுபறி. காசுக்கட்டி தரும் 'கைர்' மரங்கள் குன்றில் தழைத்தபோது அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. காலப்போக்கில் அணைகளிலும் வண்டல் சேர்ந்து, சில தூர்ந்தே போயின. பங்கு சுருங்கச் சுருங்க அக்கறையும் சுருங்கியது.

சுக்னா ஏரியை உயிருள்ள சட்ட நபராக பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2020இல் அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த 'நபரின்' நலம், மேலே ஆட்டைக் கட்டிப்போடும் ஏழையின் கையில் இருக்கிறது. ஏரிக்கரையில் காற்று வாங்கும் நகரம், மலையடிவாரத்து அணைகளைத் தூர் வாரும் செலவில் பங்கேற்பதுதான் நியாயம். ஏரியைத் தோண்டிக்கொண்டே இருப்பதைவிட அது மலிவும்கூட.