லாஃப்ட்ல தூசியா? விளக்குமாறைக் கீழ வைங்க!

ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு, வண்டியூர்ல எங்க வீட்டு மாடி ரூம் கூரையை மாத்தினோம். பழைய சிமெண்ட் ஷீட்டை இறக்கிட்டு, கலர் தகர ஷீட் போட்டாச்சு. வேலை ஒரே நாள்ல முடிஞ்சது. சாயங்காலம் லாஃப்ட்டைப் பார்த்தா, பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, என் பத்தாம் வகுப்பு புத்தகம் எல்லாத்து மேலயும் விரல் பதியுற அளவுக்குச் சாம்பல் கலர் தூசி. அம்மா முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டு, விளக்குமாறோட ஏணியில ஏறிட்டாங்க. நான் "இறங்கும்மா!"ன்னு கத்தினேன். ஏன்னுதான் இன்னைக்கு எபிசோட்.

அந்தத் தூசியில என்ன இருக்கு?

நாம சிமெண்ட் ஷீட்னு சொல்ற பழைய ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. தமிழ்ல அதுக்குக் கல்நார்னு பேர். பேரே விஷயத்தைச் சொல்லிடுது: பார்க்கக் கல்லு, பிரிஞ்சா நாரு. ஷீட் முழுசா இருக்கிற வரைக்கும் சிமெண்ட் அந்த நாரைப் பிடிச்சு வெச்சிருக்கும். உடைச்சாலோ, கட்டிங் மெஷின்ல அறுத்தாலோ, கண்ணுக்கே தெரியாத இழைகளா காத்துல கலந்துடும். மூச்சோட உள்ள போனா நுரையீரல்ல தங்கிடலாம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முதல் பிரிவுல வெச்சிருக்கு. நோய் வெளிய தெரிய 20, 30 வருஷம், ஏன் அதுக்கு மேலயும் ஆகலாம். 50க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை பண்ணியாச்சு. பிரிட்டன்ல 1999லயே தடை. இந்தியாவுல இந்த ஷீட் இன்னும் விற்பனையில இருக்கு.

ஒரு தடவை கூட்டினதாலேயே நோய் வந்துடும்னு பதற வேண்டாம். எவ்வளவு தூசி, எத்தனை நாள் சுவாசிச்சோம்கிறதைப் பொறுத்துத்தான் ஆபத்து கூடும். ஆனா தவிர்க்க முடிஞ்சதை ஏன் சுவாசிக்கணும்?

எப்படிச் சுத்தம் பண்றது?

முதல்ல ஃபேனை நிறுத்துங்க. குழந்தைங்களை வெளிய அனுப்புங்க. முந்தானை, துண்டு, சர்ஜிகல் மாஸ்க் எதுவும் இந்த இழையைத் தடுக்காது. பி100 ஃபில்டர் வெச்ச ரெஸ்பிரேட்டர் வேணும்.

விளக்குமாறு வேண்டாம். சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். அது நுண்ணிய இழையை உறிஞ்சி, பின்பக்கமா திரும்ப ரூமுக்குள்ளயே ஊதிடும். ஸ்ப்ரே பாட்டில் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, தூசி மேல மெதுவா பனி மாதிரி அடிங்க. நல்லா நனைஞ்சதும் ஈரத்துணியால ஒரே பக்கமா வழிச்சு எடுங்க. அந்தத் துணியை அலசித் திரும்பப் பயன்படுத்தாதீங்க. கனமான பாலிதீன் கவர்ல போட்டு, அதை இன்னொரு கவர்ல போட்டுக் கட்டுங்க.

அண்டாவைத் துடைச்சுக் கழுவிடலாம். புத்தக அட்டையை ஈரத்துணியால ஒத்தி எடுக்கலாம். மூடாம கிடந்த இலவம்பஞ்சு மெத்தைக்குள்ள தூசி இறங்கியிருந்தா, மனசைத் தேத்திக்கிட்டுத் தூக்கிப் போட்டுடுங்க. வேலை பார்த்த துணியை உதறாம, தனியா நனைச்சுத் துவைங்க.

உடைஞ்ச ஷீட்டைக் கண்மாய்க் கரையில கொட்டுறதோ, கோழிக்கூண்டுக்கு மூடியா வைக்கிறதோ வேண்டாம். எங்க ஒப்படைக்கிறதுன்னு மாநகராட்சியில கேட்டுட்டு அனுப்புங்க.

நாங்க விட்ட தப்பு

உண்மையில இதெல்லாம் வேலைக்கு முந்தின நாளே யோசிச்சிருக்கணும். லாஃப்ட்டைக் காலி பண்ணி, பாலிதீன் விரிச்சு மூடியிருக்கணும். ஷீட்டை நனைச்சு, போல்ட்டைக் கழட்டி, உடைக்காம முழுசா இறக்கச் சொல்லியிருக்கணும். கொஞ்சம் கூலி கூடும், அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்கு இது ஒரு நாள் தூசி. கூரை மேல துண்டு மட்டும் கட்டிக்கிட்டு ஷீட்டை உடைச்ச அண்ணன்களுக்கு இது தினமும். அவங்க சட்டையில ஒட்டின தூசி அவங்க வீட்டுக்கும் போகும். அடுத்த தடவை மேஸ்திரிகிட்ட ரேட் பேசும்போது, மாஸ்க்குக்கும் சேர்த்துப் பேசுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.