பாசியின் மின்வேலி

2016 ஆகஸ்ட் 9. ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் இணை டைவிங். முந்தின நாள் வரை நீலமாக இருந்த மரியா லென்க் அரங்கின் டைவிங் குளம் அன்றைக்குக் கீரைக்கடைசல் நிறத்தில் கிடந்தது. பக்கத்திலேயே வாட்டர் போலோ குளம் பளிச்சென்று நீலம். இரண்டையும் ஒரே படத்தில் பார்த்து உலகம் சிரித்தது. அடுத்த நாள் வாட்டர் போலோ குளமும் பச்சையானது. முதலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் வெளியே வந்தது இது: ஆகஸ்ட் 5 அன்று ஓர் ஒப்பந்தக்காரர், சுத்தம் செய்கிற எண்ணத்தில், 160 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்.

பெராக்சைடும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. தனித்தனியாக விட்டால் இரண்டும் நன்றாக வேலை செய்யும். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, கொஞ்சம் குளோரைடும் தண்ணீரும் ஆக்சிஜனுமாக அடங்கிவிடும். (ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிட்டுச் செறிவாகக் கலந்தால், பிறக்கும் ஆக்சிஜன் ஒரு கணம் சிவப்பாக ஒளிர்வதைப் பார்க்கலாம். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை.) ரியோவில் அப்படிக் குளோரின் ஓய்ந்த தண்ணீரில்தான் பாசி பிடித்தது. கண்காணிப்புக் கருவியோ குளோரின் போதுமான அளவு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. இருக்கிற குளோரின் வேறு, வேலை செய்கிற குளோரின் வேறு. வீட்டு நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள் படுகிற பாட்டில் பாதி இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடரோ திரவக் குளோரினோ, தண்ணீரில் விழுந்ததும் இரண்டு உருவம் எடுக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். அதற்கு மின்னூட்டம் கிடையாது. மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. பாசி செல்லின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான், பாக்டீரியாவுக்கும் அப்படியே. ஒரே ஊட்டம் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆகவே அயனி வந்தால் வேலியில் முட்டி நிற்கிறது. ஊட்டமில்லாத அமில மூலக்கூறு சந்தடியில்லாமல் உள்ளே நுழைந்து, கையில் பட்ட புரதத்தையெல்லாம் சிதைக்கிறது.

இந்தத் தந்திரம் நம் உடம்புக்குப் பழையது. சீழில் குவியும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள், விழுங்கிய கிருமியைக் கொல்ல இதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான் உள்ளுக்குள் காய்ச்சுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அவை பயன்படுத்தும் மூலப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. ரியோவில் எதை ஊற்றி அமிலத்தை அழித்தார்களோ, அதையே கொண்டு நம் செல் அமிலத்தைத் தயாரிக்கிறது; நடுவில் ஒரு நொதி இருப்பதுதான் வித்தியாசம். அந்த நொதியின் நிறம் பச்சை. சளி முற்றினால் பச்சையாவது அதனால்தான்.

குளத்துக்குத் திரும்புவோம். இரண்டு உருவமும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வது பி.எச். அது 7.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு அமிலம். 7.5 என்றால் சரிபாதி. 8 ஆகிவிட்டால் கால் பங்குதான். 8.5இல் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. வழக்கமான சோதனைப் பெட்டியில் சொட்டு விட்டுப் பார்த்தால், இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் சொல்லும். "குளோரின் சரியாத்தானே இருக்கு" என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிவது இதனால்தான்.

இங்கே பாசி இன்னொரு வேலையும் செய்கிறது. வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்கிறது. அது போனால் பி.எச். ஏறும். காலையில் ஒரு தடவையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவையும் அளந்து பார்த்தால், பாசி பிடித்த குளத்தில் ஏற்றம் தெரியும். தன்னைக் கொல்ல வந்த ஆயுதத்தைத் தானே மழுங்கடிக்கிறது! கூடவே வெயில் வேறு குளோரினைச் சிதைக்கிறது. காப்பில்லாத திறந்தவெளிக் குளத்தில் ஓரிரு மணி நேர வெயில் பெரும்பகுதியைக் காலி செய்துவிடும். அதற்காகத்தான் குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது குளோரினைத் தளர்வாகப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் மாத்திரை கரையக் கரைய அதன் அளவு சேர்ந்துகொண்டே போகும். ஆவியாகாது, லேசில் அழியாது. ஓர் அளவுக்கு மேல் போனால் குளோரினை விடவே விடாது. அப்போது தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவதைத் தவிர வழியில்லை. மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலப்பவர்களும் உண்டு. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதைத் தொடவே கூடாது.

சரி, பி.எச்.சை இறக்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் நிறைய குளோரின் போட்டாயிற்று. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் கிட்டத்தட்ட 29,000 லிட்டர். பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு என்ற கணக்கில் 65 சதவீத பவுடர் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். விடிந்து பார்த்தால் பச்சை போயிருக்கும். தெளிந்திருக்காது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை உள்ளே போட்டால், போட்ட இடம்கூடத் தெரியாது.

இங்கேதான் பலர் இன்னும் ஒரு கிலோ குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்கள். செத்ததை மறுபடியும் கொல்வதில் என்ன லாபம்? பச்சையம் வெளுத்துவிட்டது, உடல்கள் மிதக்கின்றன. அவ்வளவுதான். பாசியின் உடல் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம் என்பதால் எளிதில் இறங்காது. அதைவிடக் கனமான களிமண்ணே தடுமாறும். அதன் ஒரு மைக்ரான் துகள், கொஞ்சமும் அசையாத தண்ணீரில் 1.2 மீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் சட்டென்று இறங்கிவிடும். ஒட்டவிடாமல் தடுப்பது எது? அதே எதிர்மின்னூட்டம். உயிரோடு இருந்தபோது அயனியை முட்ட வைத்த வேலி, செத்த பிறகும் பக்கத்துச் செல்லைத் தள்ளியே வைக்கிறது. குளம் பச்சையானதற்கும் பாலானதற்கும் நடுவே நிற்பது ஒரே வேலி.

படிகாரம் அந்த வேலியைத்தான் சாய்க்கிறது. அதில் உள்ள அலுமினியம் அயனிக்கு மூன்று நேர்மின்னூட்டம். சோடியம் மாதிரி ஒற்றை ஊட்டம் உள்ளதைவிட மூன்று மடங்கு வலு என்று நினைக்கத் தோன்றும். துகள்களைத் திரள வைப்பதில் அதன் வலு பல நூறு மடங்கு. போதாததற்கு, அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து கூழ் போன்ற ஹைட்ராக்சைடாகி, வலை போட்ட மாதிரி துகள்களை வாரிக்கொண்டு அடிக்குப் போகிறது. நம் ஊரில் ஆற்றுத் தண்ணீர்ப் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை இழைத்தார்களே, அதுவும் இந்த வகை வேலைதான். அங்கே துகள்களைக் கோத்துக் கட்டுவது விதையிலிருந்து வரும் நீண்ட மூலக்கூறுகள். கலங்கியதைத் தெளியவைப்பதற்கும், கலங்கியவரை ஆறுதல்படுத்துவதற்கும் தமிழில் ஒரே வினை: தேற்றுதல்.

மணல் வடிகட்டியை மட்டும் நம்பினால் நாளாகும். புதுமணலின் இடுக்குகள் பாசி செல்லுக்குப் பெரிய வாசல். கொஞ்சம் அழுக்குப் படிந்த மணல்தான் நுண்ணிய துகளைப் பிடிக்கும். தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு மணலைக் கழுவும் பேக்வாஷை அடிக்கடி செய்கிறவர் தானே தன் வடிகட்டியைக் கெடுத்துக்கொள்கிறார். இன்னொரு வகை வடிகட்டியில் டயட்டம் மண் போடுவார்கள். டயட்டம் என்பதும் ஒரு பாசிதான். எப்போதோ செத்த பாசியின் கண்ணாடிக் கூட்டால் இன்றைய பாசியை வடிகட்டுகிறார்கள்.

ரியோவில் டைவிங் வீரர்கள் பச்சைக்குள்ளேயே குதித்தார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு நீர்மட்டம் தெரிந்தால் போதும். ஆனால் அடுத்த குளத்தில் இணை நீச்சல் நடக்க வேண்டியிருந்தது. அதில் நீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும். அதனால் சுமார் 37 லட்சம் லிட்டரை வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து தண்ணீரை மாற்றினார்கள்.

வீட்டில் அதற்கு அவசியம் வராது. இரவு படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, பம்பை நிறுத்திவிட்டால், காலையில் தரையில் சாம்பல் நிறத்தில் மெத்தை விரித்தது போலப் படிந்திருக்கும். அதை வடிகட்டிக்குள் விடாமல் நேராகச் சாக்கடைக்கு உறிஞ்ச வேண்டும், அதுவும் குழாயை அவசரமில்லாமல் நகர்த்தி. கால் பட்டால் புகை போல எழும்பிவிடும். மறுபடியும் ஓர் இரவு காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே போட்ட அந்த ஒரு ரூபாயில் சிங்கத்தலை தெரிகிறதா என்று அப்புறம் குனிந்து பார்க்கலாம்.